புளிச்ச பானை, பளிச்சென்ற காலை

என் உடம்பில் கொழுப்பு அதிகம் என்று மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு மருத்துவர் தாளில் எழுதிக் கொடுத்தார். என் மனைவி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். "கல்யாணமான மறுவாரமே நான் சொன்னேன். அப்ப யாரு கேட்டா?" என்றாள்.

அன்றிலிருந்து முட்டையின் மஞ்சள் எனக்குத் தடை. நான் சம்பளம் வாங்குவதோ கோழிகள் புண்ணியத்தில். கோழித் தீவனம் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். காலையில் கோழிக்குத் தீனி, மதியம் அதன் எச்சம், சாயங்காலம் அதன் ரத்தம். நாளெல்லாம் முட்டைகளுக்கு நடுவில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் வெள்ளைக்கருவை மட்டும் தின்கிற ஒருவனைப் பார்க்க வேண்டுமானால் தொண்ணூறுகளின் கடைசியில் நீங்கள் ஈப்போவுக்கு வந்திருக்க வேண்டும்.

திருவண்ணாமலைக்கு மலையைப் பார்க்க வருகிறார்கள். சாமியைப் பார்க்க வருகிறார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வெள்ளைக்காரர்கள் வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். நான் ஒரு பானையைப் பார்க்கப் போனேன்.

எல்லாம் என் மச்சினன் செய்த வேலை. அதற்கு முந்தின வருஷம் கிரிவலத்துக்குப் போனவன், விபூதிப் பொட்டலத்தோடு ஒரு ஜாம் பாட்டிலும் கொண்டுவந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ கூழ். அவனை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரர் ஏழுமலை வழியெல்லாம் தன் மனைவியின் கோழிகளைப் பற்றியே பேசினாராம். கோடை வந்தால் தெருவில் மற்ற கோழிகளெல்லாம் கழிச்சல் கண்டு விழும், இவர் வீட்டுக் கோழிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்காக ஒரே பானையில் புளித்துக்கொண்டிருக்கும் தவிடுதான் காரணம் என்று சொல்லி, ஒரு பாட்டில் கொடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

"உங்களுக்குத்தான் உதவும் மச்சான்" என்று அவன் நீட்டியதை, மேலதிகாரியிடம் சொல்லாமல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூண்டுக் கோழிகளுக்குத் தீவனத்தோடு கலந்து கொடுத்துப் பார்த்தேன். சில வாரங்களில் அவற்றின் குடலில் கெட்ட கிருமிகள் குறைந்தன. தயிரில் இருக்கிற மாதிரி நல்ல கிருமிகள் பெருகின. ரத்தத்தில் கொழுப்பு இறங்கியது. மஞ்சள் கருவிலும் கொஞ்சம் இறங்கியதுபோல் தெரிந்தது. அதில் என் நாக்கின் ஆசை எவ்வளவு கலந்திருந்தது என்று கேட்காதீர்கள்.

எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இவ்வளவுதான். புளிப்பில் கெட்ட கிருமி தங்காது. புளிக்கவைக்கும் கிருமி குடலில் குடியேறினால் அங்கே இருக்கும் பித்தநீரைச் சிதைத்துவிடும். உடனே ஈரல் புதுப் பித்தநீர் செய்ய உட்காரும். அதற்கு வேண்டிய சாமான் கொழுப்பு. ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நான் திடீரென்று நாலு பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்துவந்தால் எங்கள் வீட்டு அலமாரி காலியாவது போலத்தான்.

இரண்டு மாதத்தில் பாட்டில் தீர்ந்தது. கடைசிக் கரண்டியையும் கோழிக்குப் போட்ட பிறகுதான், கொஞ்சம் எடுத்துவைத்து உறையாகப் பயன்படுத்தி வளர்த்திருக்கலாமே என்று எனக்கு உறைத்தது. பாட்டிலைக் கழுவியும் வைத்துவிட்டேன். சுத்தக்காரன் அல்லவா? ஈப்போ தவிட்டை ஊறவைத்துப் பார்த்தேன். புளித்தது. கோழிகளும் தின்றன. பலன் மட்டும் வரவில்லை. அப்போதுதான் மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். அனுமதிக் கடிதமும் நீல நிற ஐஸ் பெட்டியும் கையில் கொடுத்து, "உயிரோடு கொண்டுவா" என்றார். என்னையா, அதையா என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் நாள் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. என் மடியில் ஐஸ் பெட்டி. அதன்மேல் ஓர் அம்மாளின் பூக்கூடை. கூடைமேல் அவருடைய பேத்தியின் கால்.

"ஏம்மா, எப்பவும் இவ்வளவு கூட்டமா?" என்றேன்.

"இன்னைக்கிப் பௌர்ணமிங்க. அது தெரியாமலா பொட்டியத் தூக்கிக்கினு வரீங்க?"

தெரியாதுதான். ஈப்போவில் நிலா தன் பாட்டுக்கு வரும், போகும். அதற்காக ஜனங்கள் பஸ் ஏறுவதில்லை.

பேருந்து நிலையத்தில் ஏழுமலை 'மலேசியா' என்று எழுதிய அட்டையோடு நின்றார். நெட்டையான ஆள். காக்கிச் சட்டைக்குள் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு. "பசியாறணுமே" என்றேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம்.

"இன்னா சார், சாமியாரு மாதிரி பேசறீங்க? டிபனா, சாப்பாடா, அத்தச் சொல்லுங்க."

டிபன் என்றேன். கடையில் இட்லியைக் கண்ணுக்குத் தெரியாமல் சாம்பாரில் மூழ்கடித்தார்கள். போதும் என்று கையை நீட்டினால் கைமேலும் ஊற்றினார்கள். எங்கள் ஊரில் இரண்டாவது கரண்டி கேட்டால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். டீ மட்டும் நேர்மாறு. எங்கள் ஊரில் டீ கேட்டால் குளிக்கிற அளவுக்குத் தருவார்கள். இங்கே கண்ணுக்குச் சொட்டுமருந்து விடுகிற அளவுதான். ஆனால் அந்த இரண்டு வாய் டீ இப்போதும் நாக்கில் இருக்கிறது.

செங்கம் ரோட்டில் பாதிதான் போயிருப்போம். போலீஸ்காரர் தடுப்பைப் போட்டுக் கையைக் காட்டினார். பௌர்ணமியன்று மலை சுற்றும் பாதையில் வண்டிக்கு இடமில்லை.

"நீங்க நடந்து பூடுங்க சார்" என்றார் ஏழுமலை. "மலைய சோத்தாங்கைப் பக்கம் வெச்சிக்கினே போங்க. அடி அண்ணாமலை தன்னால வந்துடும். எம் பொண்டாட்டி பேரச் சொல்லி, பச்சையம்மா வூடுன்னு கேளுங்க. மூக்க வெச்சே கண்டுபுடிச்சிடலாம்." சொன்னவர் சவாரிக்குத் திரும்பிவிட்டார். பௌர்ணமியில் எந்த ஆட்டோக்காரர்தான் வீட்டுக்குப் போவார்?

நடந்தேன். பத்தடி போவதற்குள் ஒரு பெரியவர் என் காலைப் பார்த்து நின்றுவிட்டார். "ஷூ போட்டுக்கினு சுத்தக் கூடாதுங்க." கழற்றி ஐஸ் பெட்டிமேல் வைத்துக்கொண்டேன். தார் ரோடு, மத்தியான வெயில். என் பாதங்கள் ஆய்வுக்கூடத்தின் குளிர்சாதனத்தில் வளர்ந்தவை. நான் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வந்த ஒருவர், "மொத தபாவா? நல்ல வேண்டுதல்போல கீது" என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

அப்புறம் ஐஸ் தொல்லை. நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் கூட்டத்தில் போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"ஐஸ்காரரே, நில்லுங்க. சேமியா ஐஸ் இருக்குதா?"

"இல்லைங்க."

"பால் ஐஸ்?"

"ஐஸே இல்லைங்க. இது ஆராய்ச்சிப் பெட்டி."

அந்த அம்மா இடுப்புக் குழந்தையிடம், "வித்துப் பூடுச்சாம்டா கண்ணு. பொய் சொல்றாரு பாரு" என்றார். குழந்தை என்னைப் பார்த்து அழுதது. அடுத்த கிலோமீட்டருக்குள் ஏழெட்டுப் பேருக்கு இதே பதிலைச் சொல்லிச் சலித்து, கடைசியில் "தீந்துபோச்சு" என்று சொல்லப் பழகிவிட்டேன். யாரோ கையில் திணித்த தொன்னையில் புளியோதரை இருந்தது. நடந்துகொண்டே தின்றேன். அங்கே யாரையும் நீ யார் என்று கேட்டுச் சோறு போடுவதில்லை.

அடி அண்ணாமலை வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பச்சையம்மாவின் வீடு பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சில் ஒரு வெட்டு, கண்ணில் ஒரு சிரிப்பு. வாசலில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் கிரிவலக்காரர்களுக்கு விற்க எலுமிச்சம்பழங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க கோழிக்குக் கொழுப்பு கம்மின்னு கேள்விப்பட்டு வந்திருக்கேங்க" என்றேன்.

"கம்மிதான் சார். அதுங்களோடதையும் சேத்து எங்க வூட்டுக்காரரே எடுத்துக்கினாரு."

எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று. பானை எப்படி உண்டானது என்று கேட்டேன்.

"என் பொண்ணு பொறக்கறப்போ எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டேன். தவிட்டுல அரிசி கழுவுன தண்ணிய ஊத்தி வெச்சது அப்படியே கெடந்துது. மூணு மாசம். இந்த மனுசன் ஒரு தபா எட்டிப் பாக்கல. வந்து பாத்தா ஒரே நாத்தம். கொட்டலாம்னு வெளிய எடுத்தேன் பாருங்க, கோழிங்க பானைக்குள்ள தலைய வுட்டுக்கினு தின்னுதுங்க. அன்னையிலேர்ந்து அத்தக் கழுவுனதே இல்ல. கொறைய கொறைய மேல போட்டுக்கினே இருக்கேன். எட்டு வருஷம் ஆவுது."

"தெருவுல வேற யாரும் கேட்டு வாங்கலையா?"

"எவ வாங்குவா? இந்தப் பக்கம் வந்தாலே மூக்க மூடிக்கிறாளுங்க." அவர் கன்னியம்மாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இப்பப் பாருங்கடி. என் பானைக்கோசரம் ஏரோபிளேன்ல வந்துகிறாரு."

சொல்லிவிட்டுக் கொட்டகை ஓரத்திலிருந்த பானையின் மூடியை எடுத்தார். பழைய மண்பானை. வாய் விளிம்பில் கறுப்பும் பச்சையுமாக எட்டு வருஷத்துப் பொருக்கு. உள்ளேயிருந்து வந்த வாடை என் மூக்கில் ஒரு குத்து விட்டது.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நாலு பேர் சுற்றி நின்றால் எனக்கு அது முடியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கன்னியம்மா பக்கம் திரும்பிச் சொன்னேன்: "இதைக் கொண்டு விமானத்துல ஏறினா, நடு ஆகாசத்துல எல்லாரும் இங்கேயே எறங்கிக்கிறோம்னு கதவைத் தட்டுவாங்க."

பெண்கள் சிரித்தார்கள். நான் அதோடு நிறுத்தவில்லை.

"இதைத் தின்னா கோழிக்குக் கொழுப்பு குறையாம என்ன செய்யும்? நாளைக்கும் இதுதானான்னு கவலைப்பட்டே இளைச்சிடும்."

கன்னியம்மா எலுமிச்சம்பழக் கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நான் சொன்னப்போ சண்டைக்கு வந்தியே. இப்ப சாரே சொல்றாரு பாரு" என்றார். பச்சையம்மாவும் சிரித்தார், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு. பானையை மூடி, மூடியின்மேல் ஒரு கல்லையும் வைத்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. என் நகைச்சுவை எடுபட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வெளக்கு வெச்சாச்சி சார். வெளக்கு வெச்ச பொறவு மோரு, உப்பு, புளிச்சது எதுவும் வூட்ட வுட்டு வெளிய போவக் கூடாது. காலைல வாங்க. இன்னைக்கிக் கவுச்சி இல்ல. நாளைக்கி முட்டையும் அவிச்சித் தரேன்."

வழக்கம் என்றால் வழக்கம். "சரிங்க, காலையில போட்டோவும் எடுக்கணும். பானையை வெளியில வெச்சிருங்க. பளிச்சுன்னு இருக்கணும்" என்றேன்.

நான் சொன்னது வெளிச்சத்தை. கொட்டகைக்குள் இருட்டு. என் கேமராவில் விளக்கு இல்லை. வெயில் பளிச்சென்று விழுகிற இடத்தில் பானை இருக்கட்டும் என்றுதான் அர்த்தம். சத்தியமாக அவ்வளவுதான்.

மலையின் மிச்சப் பாதியையும் சுற்றி ஊர் போய்ச் சேர்ந்தேன். புண்ணியம் கிடைத்ததா தெரியாது. கொப்புளம் இரண்டு காலிலும் கிடைத்தது.

இரண்டாம் நாள் காலை ஏழுமலை ஆட்டோவோடு வந்தார். வழியில் இரண்டு முறை ஆட்டோ நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் இறங்கி, வண்டியிடம் கெட்ட வார்த்தையும் என்னிடம் நல்ல வார்த்தையும் பேசிக் கிளப்பினார். முந்தின நாள் ஜனக்கடலாக இருந்த பாதை காலியாகக் கிடந்தது. தொன்னைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொடி தூவியிருந்தது.

பச்சையம்மாவின் வாசலில் கோலம். கோலத்தின் நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு பானை. செக்கச் செவேலென்று, இப்போதுதான் குயவரிடம் வாங்கியது மாதிரி. கழுத்தைச் சுற்றி மஞ்சள், மூன்று குங்குமப் பொட்டு.

"புதுப் பானை எதுக்கும்மா? நம்ம பானையைத்தானே எடுக்கணும்?" என்றேன்.

"இது நம்ம பானைதான் சார்" என்றார் பச்சையம்மா. முகமெல்லாம் பெருமை. "நீங்க போனதும் ஆரம்பிச்சேன். செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி... கை ரெண்டும் எரிஞ்சி பூடுச்சி. பளிச்சுனு கீதா?"

பானைக்குள் எட்டிப் பார்த்தேன். "உள்ள இருந்தது?"

"அத்தப் பத்திக் கவலப்படாதீங்க. சாருக்குன்னு நல்ல தவிடா வாங்கியாந்து, விடியக்காலைல புதுசா கரைச்சி வெச்சிகிறேன். மோந்து பாருங்க, ஒரு நாத்தம் இல்ல. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தவருக்குப் போயி பழசையா குடுப்பாங்க?"

உண்மைதானே. எந்த வீட்டில் விருந்தாளிக்குப் பழையதைத் தருவார்கள்? அதுவும், நாறுகிறது என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்ட விருந்தாளிக்கு?

மண்பானைக்கு நுண்துளைகள் உண்டு. என்னதான் தேய்த்தாலும் கிருமி ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். அந்த நம்பிக்கையில் கேட்டேன். "வேற ஏதாவது போட்டீங்களா?"

"ப்ளீச்சிங் பவுடர். பௌர்ணமிக்கு ரோட்டுல தூவறதுக்கு வந்தது. ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி, ராவெல்லாம் ஊறப் போட்டேன்."

"பழைய தவிட்டை எங்க கொட்டினீங்க?"

"குப்பை மேட்டுல. கோழிங்க தின்ன வரைக்கும் தின்னுதுங்க. மிச்சம் நாறப்போவுதுன்னு அதுமேலயும் பவுடர் போட்டேன்." என் முகத்தைப் பார்த்தார். "இன்னா சார்? எதாவது தப்பா பூடுச்சா?"

ஏழுமலைக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "அடிப் பாவி! அவுரு கேட்டதே அந்தப் பழச தாண்டி!"

"நாறுதுன்னு அவரேதான்யா சொன்னாரு. நீ இருந்தியா இங்க? எல்லாரும் சிரிச்சாளுங்க."

நான் விளக்கத் தொடங்கினேன். அது வெறும் தவிடு இல்லை, உயிருள்ள பொருள். எட்டு வருஷமாக ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வாழ்ந்த பலவகைக் கிருமிகள் அதில் இருந்தன. ஒரு ஊர் மாதிரி. புதுத் தவிடும் புளிக்கும், ஆனால் அது வேறு ஊர். பச்சையம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாக, "கோழிக்குக் கழிச்சல் வராம இருந்தது அதாலதானா?" என்றார்.

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

அவர் முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு கோழிகள். அவற்றின் முட்டைகள்தான் ஊருக்குள் ஒரு பரோட்டாக் கடைக்கு நாள் தவறாமல் போயின. கோடைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து அவித்த முட்டை வந்தது. மிளகுத்தூள் தூவி, தட்டில் மூன்று. எத்தனையோ மாதமாக நான் ஏங்கிய மஞ்சள். வேண்டாம் என்றால் அதற்கும் வருத்தப்படுவாரே என்று தின்றேன். என்ன ருசி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வழிதான் மிச்சமிருந்தது. அந்த ஊர் இப்போது கோழிகளின் குடலில் மட்டும்தான் குடியிருந்தது.

"அப்படின்னா ஒண்ண அறுத்துடலாம் சார்" என்றார் பச்சையம்மா உடனே. "அதோ, கழுத்துல மயிரு இல்லாம நிக்குதே, அதான் நல்லா முட்டை வெக்கறது. அத்தையே புடிக்கிறேன்."

எழுந்தும்விட்டார். நான் பதறிப்போய்த் தடுத்தேன். எச்சமே போதும் என்றேன். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாராவது படம் எடுத்திருந்தால் என் வேலை போயிருக்கும். நானும் ஏழுமலையும் ஆளுக்கு ஒரு கரண்டியோடு குனிந்து, கோழிகளின் பின்னால் வளைய வளைய வந்தோம். கோழிகளுக்கு வெட்கம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பார்த்துக்கொண்டே இருந்தால் போடுவதில்லை. கன்னியம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"இன்னா ஏழுமல, ஆட்டோ ஓட்டறத வுட்டுட்டுக் கோழிப் பீ பொறுக்கற?"

"உன் வாய மூடு. எல்லாம் உன்னாலதான்" என்றார் ஏழுமலை.

கன்னியம்மாவால் இல்லை. ஆனால் நான் திருத்தவில்லை. கரண்டியும் கையுமாகக் குனிந்தே இருந்தேன்.

மத்தியானத்துக்குள் ஆறு குப்பி நிறைந்தது. ஐஸ் வைத்து மூடினேன். பயன் இருக்குமா என்று ஏழுமலை கேட்டார். பார்க்கலாம் என்றேன். குடலில் ஆயிரம் வகைக் கிருமி கிடக்கும். அதிலிருந்து நம்முடையதை மட்டும் பொறுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து, பழைய மாதிரி குடிவைப்பது நடக்கிற காரியமில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பஸ் கிளம்ப இருந்த நேரத்தில் பச்சையம்மா பேருந்து நிலையத்துக்கு வந்தார். பரோட்டாக் கடைக்கு முட்டை போட்டுவிட்டு நேரே வருவதாகச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே நின்று என் மனைவிக்கென்று இரண்டு முழம் மல்லிகை கொடுத்தார். முந்தின நாள் வாடியிருந்த முகத்தில் ஏதோ யோசனை தெளிந்திருந்தது.

"சார், ராத்திரி பூரா யோசிச்சேன். போன வருஷம் உங்க மச்சினன் ஒரு பாட்டில் எடுத்துக்கினு போனாரில்ல?"

"ஆமாங்க."

"உசுரோட இருக்கற பொருள்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப அது அங்க உங்க ஆபீஸ்ல உசுரோட இருக்குமில்ல? அதுலேர்ந்து ஒரே ஒரு கரண்டி அனுப்பி வைங்க சார். நான் மறுபடியும் புடிச்சிக்கிறேன்."

எவ்வளவு சரியான யோசனை! படித்த ஆய்வுக்கூடத்துக்குத் தோன்றாதது இவருக்குத் தோன்றியிருந்தது. உறையை இரண்டு இடத்தில் வைத்திருந்தால் ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்திலிருந்து எடுக்கலாம். நான்தான் கடைசிக் கரண்டியையும் கோழிக்குப் போட்டுவிட்டுப் பாட்டிலைக் கழுவி வைத்திருந்தேன்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவர் கைகளைப் பார்த்தேன். ப்ளீச்சிங் பவுடரில் விரல்நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"இருக்குங்க. போனதும் அனுப்பறேன்" என்றேன்.

அதோடாவது நிறுத்தினேனா? பொய்யையும் நகைச்சுவையையும் எனக்கு ஒன்றோடு நிறுத்தத் தெரியாது. நம்பும்படி இருக்கட்டும் என்று ஒரு விஞ்ஞானத்தையும் சேர்த்தேன். "அது வர்ற வரைக்கும் பானையில எதையும் போடாதீங்க. வேற கிருமி உள்ள பூந்துட்டா நம்மளுதுக்கு எடமிருக்காது."

"சரி சார். தொடவே மாட்டேன்."

பஸ் நகர்ந்தது. அவர் கையைக் காட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வந்தார்.

விமான நிலையத்தில் பெட்டிக்குள் என்ன என்று கேட்ட அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிதத்தை மட்டும் பார்த்தார், பெட்டியைத் திறக்கவில்லை. ஈப்போவில் ஆறு குப்பியிலும் தேடினோம். எந்தக் கோழியின் குடலிலும் கிடைக்கிற சாதாரணக் கிருமிகள்தான் கிடைத்தன. மேலதிகாரி கோப்பை மூடி அலமாரியில் வைத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். பானை உடைந்துவிட்டது என்றேன். இது இரண்டாவது பொய். இதையும் நம்பினார்கள்.

பச்சையம்மாவுக்கு எழுதத்தான் நினைத்தேன். நாலைந்து முறை தொடங்கினேன். தொடங்கும்போதெல்லாம் முதல் வரியே வேடிக்கையாக வந்தது. கிழித்தேன். பிறகு தொடங்குவதையும் விட்டேன். எதையும் நாள் ஆக ஆக மறந்துவிடுவார்கள், தவிட்டைப் போட்டு வேறு பானை பிடித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மச்சினன் மறுபடி கிரிவலம் போய் வந்தான். விபூதி கொடுத்தான். நானாக எதுவும் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"கோழி ஒம்பதுதான் இருக்கு மச்சான். கோடையில பாதிக்கு மேல போயிடுச்சாம். பரோட்டாக் கடைக்கு இப்ப வேற எங்கேருந்தோ முட்டை வருது."

"பானை?"

"அப்படியே வெச்சிருக்காங்க, காலியா. ஈ எறும்பு பூராம வாயில வெள்ளைத் துணி கட்டி. வாரத்துக்கு ஒருதரம் துணியைத் துவைச்சுப் போடுறாங்களாம். கன்னியம்மான்னு ஒரு அம்மா கேலி பண்ணாங்க. அதுக்கு இவங்க, சார் எதுவும் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, உனக்கு இன்னா தெரியும்னு சண்டைக்குப் போறாங்க. நீங்க எப்ப அனுப்புவீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"மச்சான் சொன்னா செய்வாரு, கொஞ்சம் வேலை அதிகம்னு சொல்லிட்டு வந்தேன்."

அன்றே உட்கார்ந்து எழுதினேன். இந்த முறை வேடிக்கை எதுவும் வரவில்லை. எழுதி அனுப்பியது இவ்வளவுதான்:

'பச்சையம்மா அவர்களுக்கு, உங்கள் உறை எங்களிடம் இல்லை. பஸ் நிலையத்தில் நீங்கள் கேட்ட அன்றைக்கும் இல்லை, நான் பொய் சொன்னேன். முதல் நாள் சாயங்காலம் உங்கள் வாசலில் நான் பேசியதும் தப்பு. இனிக் காத்திருக்க வேண்டாம், பானையில் தவிட்டைப் போடுங்கள்.'